தூண்டில் கோலுக்கு வளையம் தேடிய கோடை

அன்புள்ள அண்ணா,

இன்று காலை படிக்கட்டில் வார்னிஷ் வாசனை வந்தது. திருவான்மியூரில் எங்களுக்கு மேல்வீட்டில் குடியிருப்பவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சமீபத்தில்தான் அவருக்கு மீன்பிடிக்கும் ஆசை வந்திருக்கிறது. படிக்கட்டு முகப்பில் செய்தித்தாளை விரித்து, தூண்டில் கோலைக் கிடத்தி, கழன்றுபோன வளையங்களுக்குப் பதிலாக வாங்கி வந்தவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். கடைக்காரன் பலவிதமாகக் கட்டிக் கொடுத்துவிட்டானாம், எதைப் போடுவது என்று தெரியவில்லையாம்.

காய்கறிப் பையோடு ஏறி வந்த நான் அங்கேயே நின்றுவிட்டேன். பிறகு வீட்டிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்து வந்து, ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் இழுத்துக் காட்டினேன். ஒன்றில் மட்டும் இழை சிக்கியது. அதை ஒதுக்கிவிடுங்கள், தூண்டில் நரம்பை அறுத்துவிடும் என்றேன். தமிழ் டீச்சருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவர் சிரித்தார். எங்கள் அண்ணனோடு ஒரு கோடை முழுக்க வளையம் தேடி அலைந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்த பிறகு வேறு வேலை ஓடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கோடையில், நாற்பத்திரண்டில், மதராஸ் காலியாகிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பேச்சு. மயிலாப்பூரில் வீடு வீடாகப் பூட்டுத் தொங்கியது. தியாகராய நகரில் புதிதாகக் கட்டிக் குடிவந்தவர்கள்கூட வீட்டை அப்படியே விட்டுவிட்டு ரயிலேறினார்கள். சாந்தோமில் நம் தெருவில் மாட்டுவண்டிகள் பாத்திரமும் படுக்கையுமாகப் போய்க்கொண்டேயிருந்தன. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். ஊரே வெளியே ஓடிக்கொண்டிருந்தபோது நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

ரங்கூனில் மர வியாபாரக் கம்பெனியில் உங்களுக்கு வேலை. கல்யாணமான கையோடு செசிலி அண்ணியையும் அங்கே அழைத்துப் போயிருந்தீர்கள். அங்கே குண்டு விழுந்த பிறகு உங்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பர்மாவிலிருந்து ஜனங்கள் மலை தாண்டி நடந்தே வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மா தினமும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஒரு மத்தியானம் வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. பிச்சை கேட்க வந்தவர் என்று நினைத்து நான் அரிசி எடுக்கத் திரும்பினேன். அம்மாதான் முதலில் கண்டுகொண்டாள். உங்களைப் பிடித்துக்கொண்டு, "செசிலி எங்கடா?" என்றாள்.

"பின்னாடி" என்றீர்கள். அவ்வளவுதான். அதோடு தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

பின்னால் வருகிறாள் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கூட்டத்தில் பிரிந்திருப்பாள், அடுத்த ரயிலில் வருவாள் என்று நினைத்தோம். அம்மா அண்ணியின் பச்சைப் புடவையைத் துவைத்து மடித்து அலமாரியின் மேல்தட்டில் எடுத்து வைத்தாள். அகதிகள் ரயில் வருகிறது என்று தெரிந்தால் எழும்பூருக்கோ சென்ட்ரலுக்கோ போய் நின்றாள். திருச்சியிலிருந்து சித்தப்பா, உடனே கிளம்பி வாருங்கள், அங்கே இருப்பது ஆபத்து என்று ஆள் அனுப்பினார். அந்தப் பெண் வந்து நிற்கும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது என்று அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். தெருவில் மிஞ்சியது நம் வீடும் இன்னும் இரண்டொரு வீடும்தான். ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். கடற்கரையில் முள்கம்பி போட்டிருந்தார்கள்.

நீங்கள் பின்கட்டு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டீர்கள். கேட்டால் பதில் இல்லை. அம்மா கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். எங்கே பிரிந்தீர்கள், கூட யார் இருந்தார்கள், கையில் என்ன கொடுத்து விட்டாய் என்று ஒன்று விடாமல் கேட்டாள். பங்குச் சாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரிடமும் பேசவில்லை. நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை என்பதுதான் சரி.

ஒருநாள் உங்களுக்குக் கஞ்சி கொண்டு வந்தபோது நீங்கள் படுக்கையில் இல்லை. சுவரோரம் நின்று, ரங்கூன் போகும்முன் மாட்டிவைத்துவிட்டுப் போன தூண்டில் கோலைக் கையில் வைத்திருந்தீர்கள். உப்புக்காற்றில் அதன் வளையங்கள் துருவேறிப் பூத்துப்போயிருந்தன. விரலால் தொட்டதும் ஒன்று பொடியாக உதிர்ந்தது.

"வளையம் எல்லாம் போச்சு" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நீங்களாகப் பேசிய முதல் பேச்சு அது. எங்கே அந்தப் பேச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில், புதிதாகப் போடலாமா, எங்கே கிடைக்கும், எத்தனை வேண்டும் என்று அடுக்கினேன். நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். பிறகு மெதுவாக, நுனிக்குச் சின்னது, கீழே வரவரப் பெரிசு, ரீலுக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிசு என்று கோலைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள். வளையம் சரியில்லையென்றால் கோல் எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனமில்லை, நரம்பு உரசி உரசி ஒருநாள் பெரிய மீன் மாட்டும்போது அறுந்துபோகும் என்றீர்கள். எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்தமாதிரி தலையாட்டினேன்.

மறுநாளிலிருந்து நாம் இருவரும் வளையம் தேடக் கிளம்பினோம்.

மவுண்ட் ரோட்டில் விளையாட்டுச் சாமான் விற்கும் பெரிய கடைக்குப் போனோம். சீமையிலிருந்து கப்பல் வந்தால்தானே சரக்கு என்று கடைக்காரர் வெறும் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். பழைய சாமான் சந்தையில், ஊரைவிட்டுப் போன யாரோ வெள்ளைக்காரரின் உடைந்த கோல் ஒன்று கிடந்தது. அதன் வளையங்களுக்குள் தேன் நிறத்தில் பளபளவென்று கல் பதித்திருந்தது. நான் மயங்கிப்போய் இதையே வாங்கலாம் என்றேன். நீங்கள் என் முந்தானைத் தலைப்பில் இருந்த ஒரு பிரிநூலைப் பிய்த்து, கல்லின் உள்ளே இழுத்தீர்கள். நூல் சிக்கியது. கண்ணுக்கே தெரியாத கீறல். "அழகாத்தான் இருக்கு. ஆனா அறுத்துடும்" என்று திருப்பி வைத்துவிட்டீர்கள். நூலைவிடப் பஞ்சு இன்னும் நன்றாகக் காட்டிக்கொடுக்கும் என்று திரும்பி வரும் வழியில் சொன்னீர்கள்.

வாசலுக்கு மீன் கொண்டுவரும் குப்பத்து அம்மாவுக்கு நம் அலைச்சல் வேடிக்கையாக இருந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா நைனா, ஊரே ஓடிக்கினு கீது, நீ வளையம் தேடிக்கினு கீறியே" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பு என்று சொல்ல முடியாது. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. உள்ளே அம்மியில் இருந்த அம்மா அரைப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

இரும்புக் கம்பி வேண்டாம், நம் ஊர்க் காற்றில் ஒரு மழைக்குத் தாங்காது. பித்தளை மெத்து, நரம்பு ஓடி ஓடிப் பள்ளம் விழுந்துவிடும். ஊக்கைக்கூட வளைத்துப் பார்த்தீர்கள். அதுவும் துருப்பிடிக்கும் என்று தூக்கிப் போட்டீர்கள். கடைசியில் வெள்ளிபோல் மின்னும் ஜெர்மன் சில்வர்தான் சரி என்று முடிவுக்கு வந்தீர்கள். துரு ஏறாது, தேயாது. ஆனால் யுத்த காலத்தில் அதற்கு எங்கே போவது? அம்மாவின் கல்யாணத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்த கரண்டிகள் ஜெர்மன் சில்வர்தான் என்று எனக்கு நினைவு வந்தது. விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வரும் கரண்டிகள். தயங்கித் தயங்கி அம்மாவிடம் கேட்டேன். அவள் உடனே பெட்டியைத் திறந்தாள். பிள்ளை ஒன்று வேண்டும் என்று கேட்கிறானே, அதுவே போதும் என்றாள். செசிலி வந்தால் கையாலேயே சாப்பிடட்டும், அவள் ஒன்றும் கோபித்துக்கொள்ளமாட்டாள் என்றும் சொன்னாள். நீங்கள் அப்போது சட்டென்று வெளியே போய்விட்டீர்கள்.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் சந்தில் ஒரு பத்தர் கடை. அந்தத் தெருவிலேயே திறந்திருந்தது அது ஒன்றுதான். பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் இருப்பதாகவும், இந்த நேரத்தில் யார் நகை செய்யக் கொடுக்கிறார்கள் என்றும் பத்தர் அலுத்துக்கொண்டார். கரண்டியை வாங்கி எடை பார்ப்பதுபோல் கையில் ஆட்டினார். உருக்கிக் கம்பியாக இழுத்து வளைத்துத் தருகிறேன், தூண்டிலுக்கு வேலை செய்வது எனக்கு இதுதான் முதல் தடவை என்றார். நுனி வளையம், நடு வளையங்கள் என்று ஒவ்வொன்றாக நீங்கள் சொல்லச் சொல்லத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டார். பிறகு, ரீலுக்குப் பக்கத்தில் வரும் பெரிய வளையம் எவ்வளவு பெரிசு என்று கேட்டார். நீங்கள் விரலை வளைத்துக் காட்டினீர்கள். அப்படிச் சொன்னால் ஆகாது, அளவுக்கு ஏதாவது கொடுங்கள் என்றார்.

நீங்கள் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தீர்கள். அது உங்களிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. அழுக்கேறிய துணி, முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தீர்கள். உள்ளே தங்க மோதிரம். சாந்தோம் கோயில் பீடத்தின் முன்னால் நீங்கள் செசிலி அண்ணியின் விரலில் போட்டுவிட்ட அதே மோதிரம். பக்கத்தில் நின்று தட்டைப் பிடித்திருந்தவள் நான். எனக்குத் தெரியாதா?

"இந்த அளவு" என்று பத்தர் முன்னால் வைத்தீர்கள்.

பத்தர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நல்ல கெட்டித் தங்கம் என்றார். பிறகு இயல்பாக, "பொம்பளைங்க மோதிரமாட்டம் இருக்கே சார். வீட்ல தேடமாட்டாங்களா?" என்று கேட்டார்.

"அவங்க இல்லைங்க. வர்ற வழியில இறந்துட்டாங்க."

இவ்வளவுதான் சொன்னீர்கள். தெரியாத ஒரு மனிதரிடம், ஒரு வளையத்துக்கு அளவு கொடுக்கும்போது. பத்தர் ஒரு நூலை மோதிரத்துக்குள் சுற்றி அளவெடுத்து, நூலை அறுத்துத் தனியாக வைத்தார். மோதிரத்தை அந்தத் துணியாலேயே ஒருமுறை துடைத்து, இரண்டு கையாலும் உங்களிடம் நீட்டினார். அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்றார். என் காதில் அது விழுந்ததே தவிர மனசில் ஏறவில்லை.

கச்சேரி ரோடு வழியாக நடந்தோம். ஆளே இல்லாத ரோடு. நான் அழுதுகொண்டு வந்தேன், நீங்கள் அழவில்லை. பாதி தூரம் வந்த பிறகு நீங்களாகவே ஆரம்பித்தீர்கள். வழியில் காலரா வந்துவிட்டது, ஒரே இரவில் முடிந்துபோயிற்று என்றீர்கள். அன்றைக்கு வாசலில் அம்மா கேட்டபோது உண்மையைத்தான் சொல்ல வாயெடுத்ததாகச் சொன்னீர்கள்.

"பின்னாடி விட்டுட்டு வந்துட்டேம்மான்னு சொல்ல வந்தேன். முதல் வார்த்தையோட நின்னு போச்சு. அதுக்குள்ள அம்மா வெந்நீர் வைக்க ஓடிட்டா. அப்புறம் அவ முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியல."

நான் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், என் வாயிலிருந்துதான் வரணும் என்றீர்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உங்கள் கை சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அம்மா சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கரண்டியில் வளையம் சரியாக வருமாமா என்று கேட்டாள். நீங்கள் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து மோதிரத்தை முறத்தில், அரிசியின் மேல் வைத்தீர்கள். அம்மா அதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் அலறுவாள் என்று பயந்து நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் அலறவில்லை.

"யாராவது ஜெபம் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"நான் சொன்னேம்மா. எனக்கு ஞாபகம் இருந்த வரைக்கும்."

"அது போதும்டா" என்று உங்கள் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் நீங்கள் அழுதீர்கள். மலையெல்லாம் தாண்டி, கப்பலும் ரயிலும் ஏறி வந்த வழி முழுக்க அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தச் சமையலறையில் வெளியே வந்தது. அம்மாவும் நானும் சேர்ந்து அழுதோம். உலையில் தண்ணீர் சுண்டிப் பாத்திரம் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தோம்.

மறுநாள் அண்ணிக்காகப் பூசை வைத்தோம். ஊரில் ஆளில்லாததால் கோயிலில் நாம் மூவரும், மீன்கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து பின்வரிசையில் நின்ற குப்பத்து அம்மாவும்தான். அவள் வீட்டில் வேறு சாமி. இருந்தாலும் நின்றாள். பச்சைப் புடவையை அம்மா அவளிடம் கொடுத்தாள். அதன்பிறகுதான் அம்மா வீட்டைப் பூட்டச் சம்மதித்தாள். திருச்சிக்குப் போகும் முன்பு நீங்கள் பத்தர் கடைக்கு ஓடிப்போய் வளையங்களை வாங்கி வந்தீர்கள். நிலா வெளிச்ச நிறத்தில் எவ்வளவு நேர்த்தியாக இருந்தன! சித்தப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் கோலை மெல்லச் சுழற்ற, நீங்கள் சிவப்புப் பட்டுநூலால் ஒவ்வொரு வளையத்தின் காலையும் கோலோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினீர்கள். வார்னிஷ் பூசி வெயிலில் வைத்தீர்கள். அது காயும் வரை சித்தப்பாவின் கோழிகளை விரட்டுவது அம்மாவின் வேலையாக இருந்தது.

பயம் தணிந்து ஊர் திரும்பினோம். உங்களுக்கு ஒரு மரவாடியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. முள்கம்பியை எடுத்த பிறகு, சனிக்கிழமை சாயங்காலங்களில் அடையாறு ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் போக ஆரம்பித்தோம். முதல் தடவை நீங்கள் கோலை வீசியபோது வளையங்களுக்குள் நரம்பு ஓடிய சத்தம் இன்னமும் எனக்குக் கேட்கிறது. பட்டுத்துணி கிழிவதுபோல் ஒரு மெல்லிய சீற்றம். நீங்கள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சிக்கல இல்ல?" என்று என்னிடம் கேட்டீர்கள். இல்லை என்றேன். அன்று கிடைத்தது சுண்டுவிரல் நீளக் கிழங்கான் மீன் ஒன்று. அம்மா அதையும் மஞ்சள் தடவிப் பொரித்து மூன்று பங்காக்கினாள்.

ஆற்று முகத்தில் நின்றுதான் அண்ணா, எனக்கு எல்லாவற்றையும் சொன்னீர்கள். ஒரே நாளில் சொல்லவில்லை. நரம்பை ஆற்றில் விட்டுவிட்டு, முகத்தைத் தண்ணீரின் பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கொஞ்சம், இன்னொரு வாரம் கொஞ்சம். ரங்கூனில் வீட்டைப் பூட்டிச் சாவியை அண்ணி கொசுவத்தில் செருகிக்கொண்டது. ப்ரோம் பட்டணம் வரையில் கிடைத்த லாரி. அங்கிருந்து மலை ஏறும் பாதையில் தலைச்சுமையோடு போன கூட்டம். கால் கொப்பளித்தபோது அண்ணி பழைய பாட்டுகளைத் தப்புத்தப்பாகப் பாடி உங்களைச் சிரிக்க வைத்தது. சில வாரம் ஒன்றுமே சொல்லமாட்டீர்கள். நான் கேட்கவும் மாட்டேன். சூரியன் அடையாற்றுப் பாலத்துக்குப் பின்னால் இறங்கும்வரை சும்மா இருந்துவிட்டு வீடு திரும்புவோம்.

என் கல்யாணத்துக்குப் பிறகும் அந்தச் சனிக்கிழமைகள் நிற்கவில்லை. மறுகல்யாணப் பேச்சை அம்மா எடுத்தாள். நீங்கள் வேண்டாம் என்றதும் விட்டுவிட்டாள். உங்கள் தலை நரைத்தது, கோலைத் தூக்கக் கை நடுங்கியது, பிறகு கரையில் சும்மா உட்கார மட்டும் வந்தீர்கள். உங்களை அடக்கம் செய்த அன்று அந்த மோதிரத்தை உங்கள் சுண்டுவிரலில் நான்தான் போட்டுவிட்டேன். பாதிக்கு மேல் ஏறவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

உங்களுக்குக் கல்லறை இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு நான் போய்ப் பூ வைத்துவிட்டு வருகிறேன். அண்ணிக்கு அது இல்லை. ஆனால் இடம் இருக்கிறது. ப்ரோமைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால், வண்டித்தடம் முடிகிற இடத்தில் ஒரு ஓடை குறுக்கே வரும். அதைத் தாண்டக் கூடாது. தாண்டாமல் இடக்கைப் பக்கமாகக் கரையோடு இறங்கினால் இரண்டு தேக்கு மரங்கள். ஒன்றில் மின்னல் விழுந்து பாதி கருகியிருக்கும். அதன் அடியில், மண்ணின் மேல், ஓடையிலிருந்து நீங்கள் ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து அடுக்கிய உருண்டைக் கற்கள். தலைமாட்டில் மட்டும் வெள்ளைக் கல்.

அம்மா போய்விட்டாள். நீங்களும் போய்விட்டீர்கள். அந்த இடம் இப்போது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. நான் கடல் தாண்டிப் போனதில்லை, அந்த ஓடையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் போகிறேன் என்று யாராவது வந்து கேட்டால், நம் தெருவுக்கு வழி சொல்வதுபோல் சொல்லி அனுப்புவேன்.

உங்கள் தங்கை